அது பாட்டுக்கு வளராது

கண்டி ஹந்தானையில் நாய்க்குட்டி வாங்க நினைக்கிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: “லாப்ரடோர் எடுங்க. சாதுவான நாய். சோத்தப் போட்டா அது பாட்டுக்கு வளரும்.” கீழே வீட்டுத்திட்டத்தில் இருப்பவரும் இதைச் சொல்கிறார், மேலே தேயிலை அருங்காட்சியகம் தாண்டி வீடு கட்டியவரும் சொல்கிறார். கூடவே இன்னும் இரண்டு நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எங்கள் மலைக்குளிர் இந்த நாய்க்குப் பொருந்தும் என்பது ஒன்று. கொழுகொழுவென்று இருக்கும் லாப்ரடோர்தான் நன்றாக வளர்க்கப்பட்ட லாப்ரடோர் என்பது மற்றது. மூன்றையும் நான் மறுக்கிறேன். இந்தப் பேச்சை நம்பி வாங்கப்பட்ட நாய்கள் இந்த மலையில் எப்படி வாழ்கின்றன என்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

உண்மை இருக்கும் இடத்தில் அதை ஒப்புக்கொள்கிறேன். லாப்ரடோர் மனிதரோடு எளிதில் ஒட்டும், சொல்லிக்கொடுப்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், பிள்ளைகளிடம் பொறுமை காட்டும். அமெரிக்கக் கெனல் கிளப்பின் பதிவுகளில் 1991 முதல் 2021 வரை, 31 ஆண்டுகள் தொடர்ந்து, முதல் இடத்தில் இருந்த இனம் இது. குணத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. அந்தக் குணத்திலிருந்து நாம் எடுக்கும் முடிவோடுதான் சண்டை. முறைப்பாடு செய்யாத நாய்க்குக் குறையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பசித்தாலும் வலித்தாலும் காய்ச்சல் அடித்தாலும் வாலை ஆட்டுகிற ஒரு பிராணியை வளர்ப்பது, உறுமிக் காட்டுகிற ஒன்றை வளர்ப்பதைவிடக் கடினம். உறுமுகிற நாய் தன் நிலைமையைச் சொல்லிவிடும். லாப்ரடோர் சொல்லாது. நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த நாய் எதற்காக உருவானது என்பதிலிருந்து தொடங்குவோம். கனடாவின் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்து தீவில், மீனவரோடு குளிர்ந்த கடலில் இறங்கி வேலை செய்த நாய்களின் வழி வந்தது இது. 19ஆம் நூற்றாண்டில் அவற்றைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோன மாம்ஸ்பரி, பக்ளூ பிரபுக் குடும்பங்கள், சுட்டு வீழ்த்திய பறவையைத் தேடி எடுத்துப் பல் படாமல் வாயில் கவ்வி வரும் வேட்டைத் துணையாக அவற்றைப் பெருக்கின. 1903இல் பிரித்தானியக் கெனல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. தண்ணீர் உள்ளே இறங்காத இரட்டை உரோமம், விரல்களுக்கிடையே சவ்வு, நீந்தும்போது சுக்கான்போல் திரும்பும் தடித்த வால் எல்லாமே அந்த வேலைக்கானவை. சாது என்று நாம் புகழ்கிற குணமும் அந்த வேலைக்கானதுதான். மணிக்கணக்காக ஒரு மனிதனின் பக்கத்தில் நின்று, அவன் கை அசைவுக்குக் காத்திருந்து, அவனுக்காக ஓடத் தெரிந்த நாய்களையே பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள்.

அந்த வேலையைப் பிடுங்கிவிட்டுக் குணத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. கண்டியிலேயே இதற்குச் சான்று உண்டு. நகரத்தின் மறுபக்கம், அஸ்கிரியவில், இலங்கைப் பொலிஸின் நாய்ப்பிரிவுத் தலைமையகம் இருக்கிறது. லாப்ரடோர் அங்கே வெடிபொருளையும் போதைப்பொருளையும் மோப்பம் பிடிக்கிறது. நாய்க்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருக்கிறார், பயிற்சி இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. அவர்கள் யாரும் அது பாட்டுக்கு வளரும் என்று விட்டுவிடவில்லை. நாய்களை நன்கு அறிந்த ஓர் அமைப்பு இந்த இனத்துக்குக் கொடுப்பது மூக்குக்கு வேலையும் பக்கத்தில் ஒரு மனிதனும். நாம் கொடுப்பது என்ன? வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்கும் மதிலுக்கும் இடையே, இரும்புக் கம்பியடித்த ஒரு கூடு.

பகலெல்லாம் கூட்டில், இரவில் வளவுக்குள் திறந்துவிடுவது என்ற வழக்கம் இங்கே கேள்வியே இல்லாமல் நடக்கிறது. “நாயைக் கூட்டில் போட்டு வளர்த்தாத்தான் காவலுக்கு நல்லது” என்பார்கள். லாப்ரடோர் காவல் நாயே அல்ல. கள்ளன் வந்தால் அவனிடமும் ஏதாவது கிடைக்குமா என்று போய்ப் பார்க்கிற இயல்பு அதற்கு. அதைக் கூட்டில் பூட்டினால் காவல் கூர்மையாகாது, மனம்தான் உடையும். வாலைத் துரத்திச் சுற்றுவது, முன்னங்காலை ஓயாமல் நக்கிப் புண்ணாக்குவது, கம்பியைக் கடித்துப் பல் தேய்வது, மணிக்கணக்காகக் குரைப்பது ஆகியவை மனிதத் துணைக்காக உருவான ஒரு பிராணியைத் தனிமைச் சிறையில் வைத்ததன் அடையாளங்கள். பிறகு அதே வீட்டார், “இது கொஞ்சம் விசர்க் குணம்” என்று பொல்லை எடுக்கிறார்கள். வளர்ந்த நாய்க்குக் காலையும் மாலையும் வேகமான நடை வேண்டும், நாளில் சில நிமிடங்களாவது ஒளித்து வைத்ததைத் தேடி எடுக்கும் விளையாட்டு வேண்டும், வீட்டார் புழங்கும் இடத்தில் படுக்க ஒரு மூலை வேண்டும். இதைத் தர முடியாதவருக்கு லாப்ரடோர் எளிய நாய் அல்ல. அவருக்குப் பொருந்தாத நாய்.

இனி சோற்றுக்கு வருவோம். “சோத்தப் போட்டா” என்ற அந்தச் சொல்லில்தான் இந்த நாய்களின் ஆயுள் குறைகிறது.

லாப்ரடோர் எப்போதும் பசியோடு பார்க்கும். தட்டைக் காலி செய்த அடுத்த நிமிடமும் அந்தப் பார்வை மாறாது. இதைப் பார்க்கிறவர் மனம் இளகுவது இயல்பு. ஆனால் இந்தப் பசிக்குப் பின்னால் இருப்பது காலி வயிறு அல்ல என்பதை அறிவியல் தெளிவாகக் காட்டிவிட்டது. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலினர் ராஃபன் தலைமையிலான குழு, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடோரில் பி.ஓ.எம்.சி என்ற மரபணுவின் ஒரு துண்டு இல்லாமல் இருப்பதைக் கண்டது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று அந்த மரபணுவிலிருந்து வருகிறது. ஊனமுற்றோருக்கு உதவப் பழக்கப்படும் லாப்ரடோர்களிடையே பார்த்தபோது நான்கில் மூன்றில் அந்தக் குறை இருந்தது. தீனியைப் பரிசாகக் காட்டிப் பழக்குவதற்கு எளிதான நாய்களைத் தேர்ந்தெடுத்தபோது, தெரியாமலே இந்தக் குறையையும் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

அதே குழு 2024இல் இன்னொன்றைக் கண்டது. இந்த மரபணுக் குறையுள்ள நாய்கள் ஒரே அமர்வில் மற்றவற்றைவிட அதிகம் தின்றுவிடவில்லை. ஆனால் சாப்பிட்டுச் சில மணி நேரத்தில், துளையிட்ட பெட்டிக்குள் வைத்த சொசேஜின் வாசம் பிடித்ததும், அதை எடுக்க மற்ற நாய்களைவிட நீண்ட நேரம் போராடின. படுத்திருக்கும்போது அவற்றின் உடல் செலவழிக்கும் சக்தியும் ஏறத்தாழ 25 சதவீதம் குறைவு. அதாவது பசி அதிகம், செலவு குறைவு. இப்படியான ஓர் உடலின் முன்னால் உட்கார்ந்து, “பாவம், பசிக்குது” என்று இன்னொரு பிடி போடுவது பரிவு அல்ல.

நம் வீடுகளில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலைத் தேநீரோடு இரண்டு பிஸ்கட். இடியப்பமோ பாணோ மிஞ்சினால் அது. பகலுக்குக் கோழிக் கழுத்து அவித்துச் சோற்றில் பிசைந்து ஒரு பெரிய கோப்பை. நாலு மணிக்கு ரொட்டித் துண்டு. இரவில் கறிச்சட்டியைத் துடைத்த சோறு, அதில் வெங்காயமும் சேர்ந்து. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பிறந்தநாள் வந்தால் சொக்லட் கேக்கிலும் ஒரு பங்கு. சொக்லட்டும் நாய்க்கு நஞ்சு. அவித்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். ஒவ்வொருவரும் கொஞ்சம்தானே என்று போடுகிறார்கள், மற்றவர் போட்டதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

“சாப்பாடு குறைத்தால் நாய் நோஞ்சானாகிவிடும்” என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் ஒரு பரிசோதனையைக் கேள்விப்பட வேண்டும். அமெரிக்காவில் பியூரினா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1987இல் 48 லாப்ரடோர் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்தார்கள். ஒரு குட்டிக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக அதன் சோடிக்குக் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுவதும் அப்படியே. 2002இல் வெளிவந்த முடிவின்படி, நிறையச் சாப்பிட்ட கூட்டத்தின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டுகள், குறைவாகச் சாப்பிட்ட கூட்டத்தினுடையது 13 ஆண்டுகள். மூட்டு வாதம் போன்ற முதுமை நோய்களுக்கு வைத்தியம் தேவைப்பட்டதும் மெலிந்த நாய்களுக்குப் பிந்தித்தான். நாய்க்கு இந்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் என்பது அதன் வாழ்வில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. எந்த மருந்தும் தராத ஆயுளை ஒரு பிடி சோற்றைக் குறைத்தது தந்திருக்கிறது.

எனவே கொழுகொழு லாப்ரடோர் அழகல்ல. உங்கள் நாயின் விலாவில் கையை மெல்ல வைத்தால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். மெலிந்த லாப்ரடோரைப் பார்த்து, “என்ன, சாப்பாடு போடுறதில்லையா?” என்று கேட்கிற அயலவருக்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

குட்டிப் பருவத்தில் செய்யும் இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். எலும்பு பலப்பட வேண்டும் என்று கல்சியம் சிரப்பைத் தாங்களாகவே வாங்கி ஊற்றுகிறார்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு மிதமிஞ்சிய கல்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். ஹந்தானை வீடுகளின் படிகளும் உண்டு. சரிவில் கட்டிய வீடு, வீதிக்கு இறங்க இருபது முப்பது படி. நோர்வேயில் பெரிய இன நாய்களைப் பின்தொடர்ந்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில் லாப்ரடோரும் இருந்தது. மூன்று மாத வயதுக்குள் நாள்தோறும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்புக் கூடியது. மென்மையான, மேடுபள்ளமான மண்ணில் கட்டில்லாமல் ஓடித் திரிந்தவற்றுக்குக் குறைந்தது. சின்னக் குட்டியைப் படியில் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், கீழே புல்லில் விடுங்கள். அவ்வளவுதான்.

காலநிலை வாதம் படித்தவர்களையும் ஏமாற்றுகிறது. கொழும்பைவிடக் கண்டி குளிர்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹந்தானைச் சிகரங்கள் 1000 மீற்றரைத் தாண்டினாலும் நாய்கள் வாழ்வது சிகரத்தில் அல்ல, சரிவில். மார்ச், ஏப்ரல் பகல்களில் 30 பாகைக்கு மேல் வெயில் ஏறும்போது, குளிர்கடலுக்கான இரட்டை உரோமத்தோடு ஒரு கறுப்பு லாப்ரடோர் தகரக் கூரைக் கூட்டில் மூச்சிரைத்துக் கிடக்கும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்குத் தார்வீதியில் ஓட விடுவது உயிராபத்து.

மற்ற மாதங்களில் பிரச்சினை குளிரும் அல்ல, ஈரம். பருவமழையும் மூடுபனியும் சேர்ந்து இங்கே துவைத்த துணியே நாள்கணக்கில் காயாது. அப்படியிருக்க, நெருக்கமான உள்ளுரோமமும் மடிந்து தொங்கும் காதும் எப்படிக் காயும்? காதுக்குள் பூஞ்சையும் கிருமியும் வளரும், தோலில் ஈரப்புண் வெடிக்கும். நாய் தலையை உதறுவதைப் பார்த்து விளையாடுகிறது என்கிறோம். வாரம் ஒரு தடவை காது மடலைத் தூக்கி மோந்து பாருங்கள், புளித்த வாடை இருந்தால் அது நோய். மழையில் நனைந்து வந்தால் மேலோட்டமாகத் துடைப்பது போதாது, அடி உரோமம் காயும்வரை துடைக்க வேண்டும்.

ஹந்தானையின் புல்லும் தேயிலைச் செடியும் உண்ணிக்கு இருப்பிடம். உண்ணி கடித்த நாய்க்கு வரும் பபேசியா காய்ச்சல் இந்நாட்டு மிருக வைத்தியர்கள் அடிக்கடி காணும் நோய். ஈறு வெளிறும், சிறுநீர் கருமையாகும், நாய் சோர்ந்து படுக்கும். சாது என்ற பட்டம் உயிரை வாங்குவது இங்கேதான். மற்ற நாய் சாப்பாட்டை மறுத்துக் காட்டிவிடும். லாப்ரடோர் பல சமயம் காய்ச்சலோடும் தட்டை நக்கும், கூப்பிட்டால் எழுந்து வாலாட்டும். “சாப்பிடுதுதானே” என்று வீட்டார் இரண்டு மூன்று நாளைக் கடத்திவிடுவார்கள். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காதடி, விரலிடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ் என்று விரலால் தடவித் தேடுவதை வழக்கமாக்கினால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஓடைத் தண்ணீர் குடித்த நாயின் மூக்குக்குள் அட்டை புகுந்து தங்குவதும் உண்டு. ஒரு பக்க மூக்கில் விட்டுவிட்டு இரத்தம் வந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் மனிதருக்கும் நாய்க்கும் பொது. தண்ணீரைக் கண்டால் குதிக்கும் இந்த இனத்துக்கு அதற்கான தடுப்பூசி ஆண்டுதோறும் தேவை.

“மலை இருக்கு, அவிழ்த்துவிட்டா ஓடித் திரியும்” என்பாரும் உண்டு. ஹந்தானை மலை 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வாழும் சின்ன உயிர்களைத் துரத்த நம் நாய்க்கு உரிமை இல்லை. நாய்க்கும் அது பாதுகாப்பில்லை. காட்டுப்பன்றிக்குக் கட்டும் கம்பிக் கண்ணி ஆளைப் பார்த்து இறுகுவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அத்தகைய கண்ணியில் சிக்கி, பிறகு இறந்ததை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வாசத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி ஓடுகிற லாப்ரடோருக்கு அந்தக் கம்பி கண்ணில் படாது. நீளமான கயிற்றோடு நடத்துங்கள்.

பிள்ளைகள் விஷயத்திலும் இதையே சொல்கிறேன். லாப்ரடோர் கடிக்காது என்று நம்பி, மூன்று வயதுப் பிள்ளையை அதன் முதுகில் ஏற்றிப் படம் பிடிக்கிறார்கள். இடுப்பு மூட்டு நோகும் நாயின் மேல் பாரம் ஏறினால், அது பொறுக்கும்வரை பொறுக்கும். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், எழுந்து போகப் பார்க்கும். இந்த அறிகுறிகளை எல்லாம் தாண்டிய பிறகு அது ஒரு தடவை பல்லைக் காட்டினால், குற்றவாளி அந்தப் பிள்ளையும் அல்ல, நாயும் அல்ல.

கடைசியாக ஓர் எதிர்வாதம். இதெல்லாம் வசதியுள்ளவர் பேச்சு, லயத்து வீட்டிலும் சின்னச் சம்பளத்திலும் இவ்வளவு பார்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதனால் முழுப் பதில் சொல்கிறேன். நான் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை. அளந்து போடுவது செலவைக் குறைக்கும். நடைக்குக் காசில்லை. காது பார்ப்பதற்கும் உண்ணி தேடுவதற்கும் விரல் போதும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை அரச சுகாதாரத் துறை நாய்களுக்கு இலவசமாகப் போடுகிறது. செலவு வருவது இவற்றைச் செய்யாமல் விட்ட பிறகுதான், பருத்த நாயின் மூட்டுக்கும் முற்றிய உண்ணிக் காய்ச்சலுக்கும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் மூட்டைத் தீனியும் கைக்கெட்டாத விலைக்குப் போனபோது, முன்னரே நலிந்திருந்த நாய்களே அதிகம் தவித்தன. மலையடிவாரத்திலேயே, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருப்பது கண்டிக்காரருக்குக் கிடைத்த பேறு. நாய் விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடும் இடமாக மட்டும் அதை வைத்திருக்கக் கூடாது. குட்டியாக இருக்கும்போதே எடை பார்க்கவும், இடுப்பைப் பார்க்கவும், தடுப்பூசி அட்டவணை கேட்கவும் போக வேண்டும்.

காசைவிட நேரம்தான் இந்த நாயின் உண்மையான விலை. பத்துப் பன்னிரண்டு வருடம், காலையிலும் மாலையிலும், மழையிலும். அந்த நேரம் வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று குடும்பமாக உட்கார்ந்து பேசி, ஆள் உறுதியான பிறகு குட்டி பார்க்கப் போங்கள். போகும்போது குட்டியின் கொழுத்த கன்னத்தைப் பார்க்க வேண்டாம். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது எப்படி எழுந்து நடக்கிறது, பின்னங்கால் தள்ளாடுகிறதா, எத்தனை ஈற்று ஈன்றிருக்கிறது என்று கேளுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை ஏற்காதீர்கள். தாயைக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.